ஓரத்தையும் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று வாரமாக எப்போது போன் பண்ணினாலும் "வேலைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். சரி, வேலை இருக்கும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் இல்லை.

கண்ணைப் பார்த்துக்கொள். மைக்ரோஸ்கோப்பை விட்டு அவ்வப்போது எழுந்து தூரத்தில் எதையாவது பார். உங்கள் லேபில் ஆள் குறைந்துவிட்டது என்றாய். தினம் எத்தனை ஸ்லைடு என்று கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய். அமெரிக்காவில் ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதுவும் உச்ச வரம்புதான், அத்தனை பார்த்தாக வேண்டும் என்றில்லை. 1988இல் அந்தச் சட்டம் வந்ததற்கு, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கிற பேப் ஸ்மியர்களில் அவசரத்தில் தவறவிட்டவை ஒரு முக்கியக் காரணம். உனக்குத் தெரியாததா?

பயிற்சியில் இருந்தபோது சாயம் ஏற்றின முதல் ஸ்லைடைப் படம் எடுத்து அனுப்பினாயே, ஆரஞ்சும் பச்சையும் பளிச்சென்று, உட்கரு கொஞ்சமும் கலங்காமல். இத்தனை வருட சர்வீஸில் என் கைக்கு அப்படி வந்ததில்லை. இன்னும் போனில் வைத்திருக்கிறேன். அதை அனுப்பினவள் இப்போது ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாய்.

உன்னுடைய பழைய ஸ்லைடுகளை எடுத்துத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பத்து மடங்கு லென்ஸில் பார்க்கும்போது ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசைமேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். ஓரத்தை விட்டுவிடாதே. கண்ணுக்கு ஓய்வு கொடு.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது எனக்கும் ஒரு பழைய ஸ்லைடு திரும்பி வந்தது. மூன்று வருடத்துக்கு முன் நெகட்டிவ், கெட்ட செல் எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டது. மேலே மூடுகிற கவர்ஸ்லிப் கண்ணாடியின் ஓரத்தில், சளி இழையோடு வரிசையாகப் பதினொரு கெட்ட செல். எல்லாம் சின்னச் சின்னது. சுற்றிலும் நூல் மாதிரி சைட்டோபிளாசம், உட்கரு கறுத்து, விளிம்பு கசங்கி. ஒருமுறை கண்ணில் பட்டபிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

"ஸ்மியர் காய்ந்துபோய் வந்திருக்கிறது" என்றேன் மேலதிகாரியிடம். காய்ந்திருந்தால் செல் உப்பி, உட்கரு வெளிறியிருக்கும். இது எடுத்த உடனே ஆல்கஹாலில் போட்ட அருமையான ஸ்மியர். எடுத்த நர்ஸின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பழியை அவள்மேல் போட்டேன். என் வார்த்தையை நம்பினார்கள். அந்த நோயாளிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம்தான் உன் கணக்குப் பரீட்சைத் தாளைக் கிழித்தேன். ஒரே ஒரு கூட்டல் தப்பு. "கவனம் இல்லாதவள் எந்த வேலைக்கும் லாயக்கில்லை" என்றேன். நீ அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, மறுநாள் காலையில் கையெழுத்துக்கு நீட்டினாய். நான் போட்டேன். அதற்கப்புறம் எந்தத் தப்பையும் நீ என்னிடம் கொண்டுவந்ததே இல்லை. பெண் தானாகவே பொறுப்பாகிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாப்பா.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. சொட்டு மருந்து விட்டபிறகு அவர் சீக்கிரம் தூங்கிவிடுகிறார். நான் விழித்துத்தான் இருப்பேன். எத்தனை மணியானாலும் போன் பண்ணு. எதுவும் சொல்லத் தோன்றாவிட்டால் சொல்ல வேண்டாம், வைத்துவிடாமல் இரு, போதும்.

அம்மா