வீட்டில் பதிவு செய்வது திருட்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொலைக்காட்சிக் கட்டுரையில், "நேரலையைக் கணினியில் பதிவு செய்து வைப்பதும் திருட்டு வீடியோவும் ஒன்றுதான்" என்று ஒரு வரி வந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளாக டியூனர் கார்டு (கணினியில் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெற உதவும் அட்டை) வைத்து வீட்டில் பதிவு செய்து வருபவன் நான். அதைவிட அதிக காலமாக உங்கள் இதழைப் படிப்பவன். அந்த வரியைப் படித்து மனம் நொந்துபோனது.

1984இல், சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது தாங்கள் அறியாததல்ல. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்து, பிறகு நேரம் கிடைக்கும்போது பார்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகல் போட்டு விற்பவனையும், இரவு வேலை முடிந்து வந்து மாலைச் செய்தியைப் பார்ப்பவனையும் ஒரே கூண்டில் நிறுத்தலாமா?

"எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே" என்றும் கட்டுரையாளர் கேட்கிறார். கிடைக்கவில்லை ஐயா. என் மகள் கலந்துகொண்ட வினாடி வினா ஒரே ஒரு முறை நேரலையாக வந்தது. மறுஒளிபரப்பு இல்லை, இணையத்திலும் ஏற்றவில்லை. அந்தத் தொலைக்காட்சிக்கு எழுதிக் கேட்டேன். தங்களிடமே பதிவு இல்லை என்று பதில் வந்தது. இன்று அது என் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அரைகுறையாக.

அரைகுறையாக ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வி-பதில் பகுதியில் சொன்னபடி டிஸ்கை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்திருந்தேன். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 6 மெகாபிட் அளவில் வரும் ஒளிபரப்பு ஒன்றரை மணி நேரம் தாண்டியதுமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பதிவு அங்கேயே நின்றது. மகள் மேடையேறிப் பரிசு வாங்கியது அதற்குப் பிறகு. அந்த 4 ஜிபி எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் முறை என்று ஒரு சொல் உங்கள் பதிலில் சேர்த்திருந்தால் போதும். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. 2015இல் விண்டோஸ் 10 வந்து, தொலைக்காட்சியைப் பதிவு செய்ய உதவிய மீடியா சென்டர் மென்பொருள் போனபோதும், மாற்றாக எந்த மென்பொருளைப் போடுவது என்று கேட்டு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

அமெரிக்காவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 2012இல் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை வீட்டில் நாடாவில் பதிவு செய்துகொண்டே இருந்தார். அந்தப் பல்லாயிரம் நாடாக்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் பொக்கிஷமாகப் பெற்றுக்கொண்டது. அவர் பதிவு செய்ததையும் திருட்டு என்பீர்களா?

என் வேண்டுகோள் இரண்டுதான். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், நீண்ட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஃபேட்32 உதவாது என்பதையும், டியூனர் வாங்கும்முன் அது தங்கள் பகுதி ஒளிபரப்பு முறைக்கு, டிவிபி-டி2வோ ஏடிஎஸ்சியோ, பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். இன்னொரு வீட்டில் பரிசளிப்பு விட்டுப்போக வேண்டாம்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்