ஒலிப்பதிவுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்: மொரிஷியஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கங்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

காவடி, தீமிதி, கல்யாணம் என்று நம் தீவில் எது நடந்தாலும் படம் எடுக்க நாலு பேர் இருக்கிறார்கள், அதில் சூப்பர் 8 என்னும் 8 மி.மீ. அகல ஃபிலிமில் எடுக்கும் சின்னக் கேமராவோடு சுற்றும் சின்னக் கூட்டமும் உண்டு, நானும் அதில் ஒருவன். உங்களிடம் கேமரா கேட்டு எழுதவில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒரே ஒரு செட் வேண்டும். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வாங்கி, கேட்கிற பிள்ளைகளுக்கு இரவல் கொடுங்கள்.

ஏன் என்றால், நம்மில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். காவடிப் பாட்டும் தாலாட்டும் பாட்டிமார் வாயிலிருந்து கேட்டுத்தான் நமக்கு வந்தன. அந்தப் பாட்டியைப் படம் எடுத்துவிட்டு அவர் குரலை விட்டுவிட்டால் எதைக் காப்பாற்றினோம்? ஒரு சங்கத்திடம் மைக் கேட்டுப் போனேன், டிரோன் வாங்கிவிட்டோம் என்றார்கள். மேலிருந்து பார்த்தால் கோபுரம் அழகுதான், ஆனால் கீழே அடிக்கிற உடுக்கை அதில் கேட்காது.

சூப்பர் 8-இல் இது இன்னும் கஷ்டம். ஓரத்தில் ஒலி பதியும் காந்தப் பட்டை உள்ள ஃபிலிமை கோடாக் 1973-இல் கொண்டுவந்தது, 1997-இல் நிறுத்திவிட்டது. இப்போது ஒலியைத் தனி ரெக்கார்டரில் பதிந்து அப்புறம் படத்தோடு சேர்க்க வேண்டும். பழைய கேமராவின் மோட்டார் நொடிக்கு 24 கட்டம் (ஃபிரேம்) என்று சொல்லும், பேட்டரி இறங்க இறங்க வேகம் மாறும். 50 அடிச் சுருள் 24-இல் இரண்டரை நிமிடம் ஓடும். வேகம் நூற்றுக்கு ஒன்று தவறினால்கூடச் சுருள் முடிவதற்குள் உதடும் குரலும் ஒன்றரை நொடி விலகிவிடும். இரண்டு மூன்று கட்டம் விலகினாலே கண்ணுக்கு உறுத்தும். கைப்பேசியில் எடுப்பவர்களும் தப்பவில்லை, பல கைப்பேசிகள் கட்ட வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கடிகாரத்தில் இருப்பது போன்ற கிரிஸ்டலால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கேமராவின் வேகம் அசையாது, ஆனால் அப்படிப்பட்ட கோடாக்கின் புதிய சூப்பர் 8 கேமரா 2023-இல் 5,495 அமெரிக்க டாலருக்கு வந்தது, அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 1970-களின் சில கேமராக்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முறை மூடித் திறந்து மின் துடிப்பு தரும் ஃபிளாஷ் இணைப்பு இருக்கிறது. அந்தத் துடிப்பை ரெக்கார்டரின் ஒரு தடத்திலும் குரலை இன்னொரு தடத்திலும் பதிந்தால், எந்தக் கட்டம் எந்த நொடியில் ஓடியது என்று கணினியில் எண்ணியே பொருத்தலாம். இணைப்பு இல்லாத கேமராவா, சரி, ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் படத்திலும் ஒலியிலும் பதியும்படி பலகையைத் தட்டிக் கிளாப் அடித்து, இரண்டுக்கும் நடுவே ஒலியை இழுத்தோ சுருக்கியோ சேர்க்கலாம். வேகம் ஒரே சீராகத் தவறியிருந்தால் இது போதும், நடுவில் ஏறி இறங்கியிருந்தால் போதாது.

எனவே செட் என்றால் இவ்வளவுதான்: இரண்டு தட ரெக்கார்டர், சட்டையில் குத்தும் மைக் இரண்டு, நீளமான மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்ஃபோன், ஒரு கிளாப் பலகை. மைக்குக்குக் காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோம உறை கட்டாயம் வேண்டும். கோர் த கார்த் மலைக் கோயில் படிகளில் தென்கிழக்குக் காற்று வீசும்போது உறையில்லாத மைக்கில் பதிவது வெறும் இரைச்சல்தான். ஹெட்ஃபோனையும் மிச்சம் பிடிக்காதீர்கள், பதியும்போதே கேட்காதவருக்கு ஒயர் கழன்றது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

நல்ல டிரோன் ஒன்றின் விலையைவிட இதெல்லாம் குறைவாகவே ஆகும். யாரிடம் வைப்பது, யார் கையெழுத்துப் போட்டு எடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், கற்றுக்கொடுக்கும் வேலையைக் காசு வாங்காமல் நான் செய்கிறேன். அடுத்த தைப்பூசத்துக்குக் கொடி ஏறுவதற்கு முன் ஒரு கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால் என் கேமராவோடு வந்து, உங்கள் முன்னாலேயே யாராவது ஒரு பெரியவரைப் பாடச் சொல்லிப் பதிந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு சூப்பர் 8 ஆர்வலர்