இரண்டாம் பருவ நிறைவும் மழை நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டு விழா, ஓவியப் போட்டி, அறிவியல் கண்காட்சி எல்லாமே சிறப்பாக நடந்தன. நூலகத்துக்குப் புத்தகங்கள் தந்தவர்களுக்கு நன்றி. மதிப்பெண் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

அறிவியல் மன்றப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவருகிறார்கள். அளவுக் குடுவையை மேசைமேல் வைத்து, குனிந்து, கண்ணை நீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வளைந்திருக்கும் நீர்ப்பரப்பின் அடி எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று ஒருத்தி பார்த்துச் சொல்வாள், இன்னொருவன் எழுதுவான். மழையே இல்லாத நாளிலும் சுழியம் என்று எழுதியாக வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டால், அன்று மழை பெய்யவில்லையா அல்லது யாரும் பார்க்கவில்லையா என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். விடுமுறையிலும் முறை வைத்து வந்து இதைச் செய்த பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். 2,000 சதுர மீட்டர் திடலில் 50 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பே ஒரு நிமிடம் பேசவில்லை. அவ்வளவு தண்ணீரும் மண்ணுக்குள் இறங்க வழி வேண்டும், இல்லையென்றால் வாசலைத் தாண்டித் தெருவுக்குத்தான் போகும். முன்வாசலில் சிமெண்ட் தளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்துச் செடி வைத்ததும், மின்சாரப் பலகையைச் சுவரில் உயர்த்தி மாட்டியதும், சேர்க்கைப் பதிவேடுகளை மாடிக்கு ஏற்றியதும் இதை மனத்தில் வைத்துத்தான்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கனமழைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மதியமே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். பிள்ளைகள் முதல் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள், தண்ணீர் வடியும்வரை ஆசிரியர்கள் உடனிருப்பார்கள், சாலையில் தண்ணீர் நிற்கும்போது கிளம்ப வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தோம். இருந்தும் பலர் வந்தீர்கள். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் வண்டியை இறக்கி, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை என்று உட்கார வைத்துக்கொண்டு திரும்பிப் போனதை மாடியிலிருந்து ஆசிரியர்கள் பார்த்துப் பதறிப்போனார்கள்.

வானம் இருட்டினால் பெற்ற மனம் வீட்டில் தங்காது. அது எனக்குப் புரிகிறது. வந்தவர்கள் யாரையும் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் வாசலில் நின்ற ஒரு தந்தை, “சின்ன வயசுலேர்ந்து இந்த ரோட்லதான் போறேன் சார், முட்டிக்கு மேல தண்ணி ஏறுனதே இல்ல” என்றார். என்னைக் கவலைப்பட வைப்பது இந்த நம்பிக்கைதான். அவர் சொன்னது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நேற்றுவரை இருந்த வானிலை நாளையும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்ள இனி முடியாது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரே இடத்தில் கொட்டும்போது பழைய பதிவுகள் உடைகின்றன. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பக்கத்தில் சராசரியாக ஒரு ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். அங்கே வயதில் மூத்தவர்களிடம் முந்தைய நாள் கேட்டிருந்தால், இப்படியும் பெய்யும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் 2011 ஜூலையில் இப்படி ஒரு பேய்மழையில் மாட்டிய பிறகுதான், தெருக்களையும் பூங்காக்களையும் மழைநீரைத் தாங்கி நிறுத்தும்படி மாற்றத் தொடங்கியது.

“நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்” என்று கேட்டால், ஒருமுறை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நினைத்துவிடுகிறோம். அதன் பொருள் அதுவல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முதல் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க ஏறத்தாழ 11 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதுவும் பழைய பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு.

ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே வளர்ந்த ஆளின் கால் நிலைக்காது. 30 செ.மீ. ஆழம் பல கார்களை மிதக்க வைத்துவிடும், 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி திறந்திருக்கிறதா, மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்பது எத்தனை ஆண்டு ஓட்டிப் பழகியவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வரும் பருவத்திலிருந்து, சிவப்பு எச்சரிக்கை நாளில் பள்ளிச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது யார் வந்து கேட்டாலும் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம். வாயிற்காவலரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, அவர் என் உத்தரவைத்தான் நிறைவேற்றுகிறார். “என் பிள்ளை, என் பொறுப்பு” என்பது சரிதான். ஆனால் வாசலைத் தாண்டும்வரை அந்தப் பிள்ளை என் பொறுப்பும்கூட. அதை நான் தண்ணீரில் இறக்கிவிட மாட்டேன்.

எச்சரிக்கை முன்கூட்டியே வந்தால் மழைக்கு முன்பே பள்ளியை விட்டுவிடுவோம், அந்தச் செய்தி வந்ததும் தாமதிக்காமல் வந்துவிடுங்கள். அதற்குள் வர முடியாதவர்கள் அவசரப்பட வேண்டாம். குடிநீர், விளக்கு, முதலுதவிப் பொருட்கள் எல்லாம் மாடியில் தயாராக இருக்கும். அருகிலேயே இருப்பவர்கள் உள்ளே வந்து பிள்ளையோடு தங்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தினமும் மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், ஒரு வேளைக்கான மருந்தை வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். இத்துடன் உள்ள படிவத்தில் இப்போது பயன்படுத்தும் கைபேசி எண்ணையும், உங்களால் வர முடியாதபோது பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர் பெயரையும் எழுதி, பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

அன்று வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, நனைந்த உடையோடு உள்ளே வந்து கடைசிவரை காத்திருந்த பெற்றோர்கள் பலர். அழுதுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொல்லித் தேற்றினீர்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்க, இங்கேயே இருந்த ஆசிரியர்களும், இருட்டும்வரை படிக்கட்டில் சேறு சேரவிடாமல் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்களும் இருந்தார்கள். உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

விடுமுறை நாட்களில் மழைமானியைப் பார்க்க வரும் பிள்ளைகளின் முறைப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பெயர் இருந்தால் காலையில் நேரத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்