அப்பாயியின் பாட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மேடையில் பாட எங்கள் இலங்கை மலையகத்துப் பாட்டு ஒன்று வேண்டும், உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் வரும்.

அப்பாயி தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டுதான் எனக்குப் பிடித்தது. கோப்பிக் கன்று போட்ட மலையைக் கைகாட்டி, அண்ணனைப் பறிகொடுத்தது அங்கேதான் என்று சொல்லுமே, அது. யார் கட்டியது என்று எவருக்கும் தெரியாது. கோப்பி 1870களில் இலைநோய் வந்து அழியத் தொடங்கிய பயிர். அப்பாயி பிறந்தது, வளர்ந்தது, வேலைக்குப் பேர் போட்டது எல்லாம் தேயிலையில். ஆனாலும் அந்த இடம் வந்தால் அவருக்குக் குரல் கம்மிவிடும். காய்ச்சலில் போன தன் அண்ணனை நினைத்துத்தான் பாடுவார். அடுத்த நிரையில், அதாவது அடுத்த செடி வரிசையில், நிற்கிறவர் அதை வாங்கிப் பாடும்போது அவர் வீட்டுச் சாவு அதில் வந்து சேரும். வேலை வாங்குகிற கங்காணி முன்னால் வாய்விட்டு அழ முடியாது, பாடலாம். அதனால்தான் அந்தப் பாட்டு இத்தனை காலம் நின்றது என்று நான் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரும் தோட்டத்தில் பிறந்தவர். அவர் எழுதி வைக்காவிட்டால் எத்தனையோ பாட்டு பாடியவர்களோடேயே போயிருக்கும். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாளையும் தெரிந்துகொள். தொழிற்சங்கக் கூட்டங்களில் பாரதியார் பாட்டுகளைப் பாடினார், தானே பாட்டுகள் எழுதி 1940இல் புத்தகமாகவும் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு நோட்டீசு கொடுத்து என்ன செய்வது? பாட்டு என்றால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

சினிமாப் பாட்டு மட்டம் என்று உன் கூட்டாளிகள் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் சம்மதமில்லை. 1964 ஒப்பந்தத்தில் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் முடிவு செய்தன. என் சின்னம்மா குடும்பமும் அதில் போனது. ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற தலைமன்னாருக்குப் போகிற ரயில் கோச்சி நிற்கிறது, பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி, பக்கத்துக் கடை ரேடியோவில் ஒரு காதல் பாட்டு. எழுதியவர் யாரோ ஒரு காதலிக்காக எழுதியது. எனக்கு அது இன்றுவரை சின்னம்மாவின் பாட்டு. எங்கே கேட்டாலும் வேலையை நிறுத்திவிடுவேன். கவிஞருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை, அதனால் பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சரி, உன் மேடைக்கு வருகிறேன். அப்பாயியின் பாட்டையே பாடு. கீபோர்டு வைப்பதானால் வைத்துக்கொள். ஆனால் பேச்சைத் திருத்தாதே, அவர் சொன்ன மாதிரியே சொல். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடு, அது அடுத்த நிரைக்காரி பதில் எடுக்கிற இடம். உனக்கென்று ஒரு துக்கம் அதில் வந்தால் வரட்டும், அடக்காதே.

தாளம்தான் உனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும்போது லீவு எடுத்துக்கொண்டு வா. தப்பு மேளம் அடிக்கிற மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்த்தி அடித்துக் காட்டுவார்.

அன்புடன்,
அப்பா