கம்பிக்குள் இருக்கும் கார்பனும் நீங்கள் கேட்கும் கார்பனும்

பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் போல்ட், நட்டு செய்கிறவன் எழுதுகிறேன். வெளிநாட்டுச் சரக்கைச் செய்யும்போது வெளியேறிய கார்பனுக்காக உங்கள் எல்லையில் நீங்கள் போட்டிருக்கும் கார்பன் வரி பற்றித்தான். அதை வரி என்று சொல்லக்கூடாதாம், சரிக்கட்டும் ஏற்பாடாம். சரி, எங்கள் சரக்கின் விலையில் பிடித்தால் நாங்கள் அதை வரி என்றுதான் சொல்வோம்.

பருவநிலை மாற்றமே பொய் என்று சண்டை போட வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல்ட்டுக்குத் தலை அடிக்கும் எங்கள் ஹெட்டிங் மிஷினின் மோட்டார் வரைக்கும் தண்ணீர் நின்றது, வடிந்தபிறகு துருவேறிய டைகளை (அச்சுகளை) மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

2023 அக்டோபரில் இருந்து கணக்குக் காட்டச் சொன்னீர்கள், 2026 ஜனவரியில் இருந்து காசும் உண்டு என்றீர்கள். ஜெர்மனியில் எங்களிடம் வாங்குகிறவர் ஒரு எக்செல் தாள் அனுப்பினார். ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு கார்பன் வெளியேறியது என்று எழுத வேண்டும். நான் கம்பியை வெட்டி, தலை அடித்து, மரை போடுகிறேன். புகை பெரும்பாலும் அந்தக் கம்பியை உருக்கிய ஆலையில் போனது. நான் வாங்குவதோ டீலரிடம். அவரிடம் கேட்டால் ஆலையின் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டை நீட்டி, "இதோ கார்பன் இருக்கே சார்" என்றார். இருந்தது. 0.20 சதவீதம். அது கம்பிக்குள் இருக்கிற கார்பன்!

கணக்கு வரவில்லை என்றால் நாட்டுக்கு இவ்வளவு என்று நீங்களே ஒரு எண்ணை வைத்து, அதன்மேல் ஒரு ஏற்றமும் வைக்கிறீர்கள். என் கம்பி பழைய இரும்பை மின் உலையில் உருக்கி வந்ததாக இருக்கலாம், அதில் புகை ரொம்பக் குறைவு, ஆனால் காகிதம் இல்லாததால் நிலக்கரி போட்டு உருக்கிய கம்பிக்கு உள்ள வரிதான். கடன் வாங்கிக் கூரையில் சோலார் போட்டிருக்கிறேன், அதுவும் உதவாது, ஏனென்றால் இரும்புக்கு மின்சாரக் கணக்கையே நீங்கள் சேர்ப்பதில்லை. (எங்கள் அனல் மின்சாரமும் அதனால் தப்பித்துவிடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

சின்னவர்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டோமே என்பீர்கள். யாருக்கு? வருடத்துக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்கிறவருக்கு. அதாவது உங்கள் ஊர்க்காரருக்கு. போல்ட் ஏற்றினால் மூன்று சின்ன கன்டெய்னரில் 50 டன் தாண்டிவிடும். வாங்குகிறவர் பெரிய ஆளாக இருந்தால், அவருக்கு ஒரே ஒரு கன்டெய்னர் அனுப்பும் நானும் பெரிய ஆள் ஆகிவிடுகிறேன். ஷெட்டில் பதினோரு பேர் வேலை செய்கிறோம்.

உங்கள் உருக்காலைகளுக்கு மட்டும் அவகாசம் எப்படி இருந்தது? கார்பன் வெளியேற்றும் அனுமதியை ஆலைகள் காசு கொடுத்து வாங்கும் கார்பன் சந்தையை 2005-இல் தொடங்கினீர்கள், அப்போதிலிருந்து அவர்களுக்குப் பெரும்பாலும் இலவச அனுமதிதான், அது முழுதாக நிற்பது 2034-இல். 1992-இல் நீங்களும் கையெழுத்துப் போட்ட ஐ.நா. பருவநிலை ஒப்பந்தத்தில், 3-ஆம் பிரிவு 5-ஆவது பத்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பருவநிலையின் பேரில் எடுக்கும் நடவடிக்கை வணிகத்துக்கு மறைமுகத் தடையாக ஆகிவிடக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை, எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். 50 டன் விலக்கை வாங்குகிறவரை வைத்துப் பார்க்காமல் செய்கிறவரை வைத்துப் பாருங்கள். வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை எங்களைப் போன்ற பட்டறைகளின் கணக்குக்கும் சரிபார்ப்புக்கும் திருப்பிக் கொடுங்கள். ஆலை தரும் சர்ட்டிபிகேட்டிலேயே உருக்கும்போது வெளியேறிய கார்பனும் வரவேண்டும் என்று டெல்லியிடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம், அது எங்கள் வீட்டுச் சண்டை.

அடுத்த லோடு பேக்கிங்கில் இருக்கிறது. அந்த எக்செல் தாளில் ஒரு கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் என்ன எழுதட்டும்?

இப்படிக்கு,
அம்பத்தூர் போல்ட் பட்டறைக்காரன்