பாலிஹவுஸ் போடும் முன் இதைப் படி, மல்லி

அன்புள்ள மல்லி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பெரியவள் பரீட்சையை முடித்துவிட்டாள். சரோ அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கியவள், உன் குடத்துக் கதையை எடுத்து மறுபடி ஒருமுறை சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் போனாள், இந்த ஜென்மத்தில் நீ அதைத் தாண்டப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டன்சத்திரத்துத் தோட்டத்தில் அண்ணன் பாலிஹவுஸ், அதுதான் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடில், போட்டு வெள்ளரி வைக்கப் போகிறார், பழைய பந்தலை எல்லாம் எடுத்துவிடப் போகிறார் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு அங்கேயேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்ல முடியாது, அதனால்தான் இவ்வளவு நீளம். இங்கே நடந்ததை முதலில் கேள்.

எதிர் அபார்ட்மென்டில் ஆறாவது மாடி பால்கனிக்கு அடியில் மலைத்தேனீ கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, நீ போன தடவை வந்தபோது பார்த்துப் பயந்தாயே, அதேதான். போன மாதம் ஒரு ராத்திரி ஆளை வைத்து மருந்தடித்துவிட்டார்கள். காலையில் ரோடு முழுக்கத் தேனீ செத்துக் கிடந்தது, பால்காரர் மிதித்துக்கொண்டு போகிறார். குழந்தைகளைக் கொட்டிவிடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது மல்லி, நானும் இரண்டு பெண்களை வளர்க்கிறவள்தானே. ஆனால் மலைத்தேனீ ஓரிடத்தில் நிலையாக இருக்காது, பூக்காலம் முடிந்தால் தானாகக் கிளம்பிப் போய்விடும். கொல்லாமல் எடுத்துவிடுகிற ஆட்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்துக் காலி மனையில் நான் போட்டிருக்கும் வெள்ளரியில் அந்த வாரமே தெரிந்துவிட்டது. பூ நிறையப் பூக்கிறது, பெண்பூவுக்கு அடியில் விரல் நீளத்துக்குப் பிஞ்சும் இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்ததும் ஒருபக்கம் பருத்து ஒருபக்கம் சூம்பி, வளைந்து கிடக்கிறது. மாடியில் வலை அடித்த சின்னக் குடிலுக்குள் மட்டும் ஒரு குறையும் இல்லை, கயிற்றைப் பிடித்து ஏறிய கொடியில் கணுவுக்குக் கணு நேரான காய்! ராம நவமிக்கு எங்கள் தெருப் பந்தலில் பானகம், நீர்மோரோடு பாசிப்பருப்பில் வெள்ளரி நறுக்கிப் போட்ட கோசம்பரியும் கொடுப்பார்கள் இல்லையா, வருஷா வருஷம் அதற்கு மனையில் காய்த்ததைத்தான் கொடுப்பேன், இந்த வருஷம் மாடியிலிருந்து பறித்துக் கொடுத்தேன்.

இதைக் கேட்டால் அண்ணன், அப்போ பாலிஹவுஸ்தானே ஜெயித்தது என்பார். எங்கே ஜெயிக்கிறது, ஏன் என்று தெரிந்துகொண்டு போடட்டும், அதுதான் நான் சொல்வது.

உன் மாமியார் சுரைக்குடுவையில் சேர்த்து வைத்திருக்கிறாரே, அந்த நாட்டு விதையில் ஒரே கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. முதலில் ஆண்பூவாக வரும், அப்புறம்தான் பெண்பூ. காலையில் விரிந்தால் அன்று ஒரு பொழுதுதான் அதற்கு ஆயுசு. அதற்குள் தேனீ திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தாக வேண்டும், ஏனென்றால் ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தத் துகள் போய்ச் சேர வேண்டும், சேராத பக்கம் சதை பிடிக்காது. வளைந்த காயைப் பார்த்ததும் உரக் குறை என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள், பாதி நேரம் தேனீக் குறைதான்.

பாலிஹவுஸுக்கு விற்கிற விதை ரகமே வேறு, என் மாடிக் குடிலில் இருப்பதும் அதுதான். பூப்பதெல்லாம் பெண்பூ, மகரந்தம் இல்லாமலே காய்க்கும், உள்ளே விதையும் இருக்காது. அங்கே தேனீ நுழைந்தால்தான் கெடுதல், விதை பிடித்து முனை உப்பிக் காய் விலை போகாது. அந்த விதையை எடைபோட்டு விற்க மாட்டார்கள், எண்ணித்தான் கொடுப்பார்கள், ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும். விலையைப் பார்த்து மலைத்துப் போய் அண்ணன் நாட்டு விதையையே வலைக்குள் போட்டாரென்றால் இலையும் பூவும்தான் மிஞ்சும். இதை நீ கட்டாயம் அவரிடம் சொல்.

இன்னொன்று, வெயில். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஓசூரிலும் கிட்டத்தட்ட இதே குளிர்ச்சிதான், அதனால்தான் அங்கே அத்தனை பாலிஹவுஸ். அப்படி இருந்தும் ஏப்ரலில் பக்கத் திரையைத் தூக்கிவிடாவிட்டால் உள்ளே 40 டிகிரி தாண்டுகிறது. வெள்ளரிக்கு 35ஐத் தாண்டினாலே பூ கொட்டும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் 200 மைக்ரான் ஷீட்டுக்கு அடியில் அந்தக் கொடி என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார். எனக்கென்னவோ உங்களுக்கு நிழல்வலைக் குடில்தான் சரியென்று படுகிறது, செலவும் குறைவு. ஆனால் அதில் மழை உள்ளே இறங்கும், இலை நனைந்தால் அடிச்சாம்பல் நோய் வரும், ஐப்பசி மழையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பாலிஹவுஸுக்கு அரசாங்கத்தில் பாதி மானியம் என்றதும் எல்லோரும் கணக்கை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு நாற்றுக் கொடுக்கிற மாலூர்க்காரர் பாலிஹவுஸில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி என்று மண்ணுக்கு ஓய்வே கொடுக்காமல் போட்டவர். போன போகத்தில் வாடிய செடியைப் பிடுங்கிக் காட்டினார், வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, மண்ணிலிருந்து வேருக்குள் புகுகிற நூற்புழு. குடிலைத் தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாதே. வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, கண்ணாடிபோல் தெரிகிற ஷீட்டால் மூடி ஒரு மாதத்துக்கு மேல் வேகவிட வேண்டும், நடுவில் ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போட வேண்டும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வேப்பம்பிண்ணாக்கில் நுண்ணுயிர் கலந்து மட்கவைத்துப் போடச் சொல்கிறார்கள், அதையும் இப்போது செய்கிறார். வருமானமில்லாத அந்த மாதங்களையும் அண்ணன் கணக்கில் எழுதட்டும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, மல்லி. குடில் போடட்டும், ஆனால் பந்தலை எடுக்க வேண்டாம். மார்த்தாண்டத்தில் தேனீப் பெட்டி கிடைக்கும், அடுக்குத்தேனீ, இரண்டு பெட்டி வாங்கிப் பந்தல் பக்கம் வையுங்கள். மருந்தடிப்பதாக இருந்தால் தேனீ அடைந்த பிறகு சாயங்காலமாக அடிக்கச் சொல், காலையில் பூ விரிந்திருக்கும்போது மட்டும் கூடவே கூடாது. உங்கள் பந்தலில் பாகலும் புடலும் பீர்க்கும் காய்ப்பதும் பூச்சியால்தான். பீர்க்கு சாயங்காலம் பூக்கும், அதற்கு வேறு பூச்சி வரும், ஆனால் மருந்துக்கு எல்லாப் பூச்சியும் ஒன்றுதான். எங்களுக்கு ஒரே ராத்திரியில் போனதை நீங்கள் காசு கொடுத்து ஒழித்துவிடக் கூடாது.

இப்போது நான் மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்கிறேன். ஆண்பூவைக் கிள்ளி இதழை உரித்துவிட்டுப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். சின்னவள் கூட வருகிறாள், என்னைவிட அவளுக்குப் பொறுமை அதிகம். காய் பிடிக்கிறது, ஆனால் தேனீ செய்ததில் பாதிகூட வரவில்லை. நேற்று மட்டும் மனையில் கொசுத்தேனீ ஒன்றிரண்டு வந்திருந்தன, எங்கிருந்து என்று தெரியவில்லை, மதிலில் ஓட்டை ஓட்டையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆடிப்பட்டத்துக்கு மாமியாரிடம் கேட்டு ஒரு பிடி விதை அனுப்பு. அண்ணன் கம்பெனிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன்னால் எனக்கு ஒரு போன் போடச் சொல், ஒன்பது மணிக்கு மேல், அதுவரை மனையில் இருப்பேன், போன் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
வசந்தி
ராமமூர்த்தி நகர், பெங்களூர்