வெசனப்பட்டு வந்த சீக்குன்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழம உங்க மருத்துவ பக்கத்துல மன அழுத்தம் இருந்தா கேன்சர் வரும்ங்கற மாதிரி ஒரு கட்டுரை வந்துச்சுங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரும் படிக்கல, தலைப்ப மட்டும் போட்டோ புடிச்சு எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப் பூரா சுத்த உட்டுட்டாங்க.

இது சும்மா போற விஷயம்னா நான் எழுதியிருக்க மாட்டேனுங்க. எங்க சொந்தத்துல ஒரு அக்காவுக்கு மார்ல கட்டி வந்து இப்ப கீமோ போயிட்டிருக்குது, பாக்க வர்ற ஒரம்பரையெல்லாம் ஆரஞ்சுப் பையோட "எல்லாத்தையும் மனசுலயே வெச்சு வெசனப்பட்டே கண்ணு, அதான் இப்புடி ஆயிப்போச்சு"ன்னு ஒரு வார்த்தையும் குடுத்துட்டு போறாங்க. சீக்கும் அவுங்களுக்கு, பழியும் அவுங்களுக்கா?

2023ல நெதர்லாந்துல குரோனிங்கன்ல இருக்கற ஆராய்ச்சிக்காரங்க தலைமைல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சுங்க. நெதர்லாந்து, பிரிட்டன், நார்வே, கனடான்னு நாலு நாட்டுல 3 லட்சம் பேருக்கு மேல, சிலரை 26 வருஷம் வரைக்கும் கவனிச்ச தகவலையெல்லாம் ஒண்ணா போட்டு பாத்தாங்க. மனச்சோர்வு, பதட்டம் இருந்தவங்களுக்கு மார்பு, குடல், புராஸ்டேட் கேன்சர் எதுவும் கூடுதலா வரல. நுரையீரல்லயும் பொகையால வர்ற மத்த கேன்சர்லயும் மட்டும் 6 சதவீதம் கூட இருந்துச்சு, அதுவும் பீடி சிகரெட், குடி, ஒடம்பு எடையெல்லாம் கணக்குல எடுத்த பொறவு நெம்ப கொறஞ்சு போச்சு. அப்ப வெசனம் நேரா வந்து கட்டிய உண்டாக்கல, வெசனத்துல கை எதைத் தேடுதோ அதுதான் வேலைய காட்டுது.

எங்க பக்கம் தறி ஓட்டறவங்கள வந்து பாருங்க தெரியும். ராத்திரி ஷிப்ட்ல தூக்கம் வரக்கூடாதுன்னு கன்னத்துல போயலை, கடன்காரன் போன் பண்ணுனா ஒரு பீடி, சனிக்கிழம சம்பளம் வாங்குனா நேரா டாஸ்மாக்கு. கேட்டா டென்ஷனுக்குத்தான்ங்கறாங்க. ஆனா 2014ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 26 ஆய்வ தொகுத்து போட்டிருந்தாங்க, பொகைய உட்டவங்களுக்கு உடாதவங்கள காட்டிலும் பதட்டமும் சோர்வும் கொறஞ்சுதான் இருந்துச்சாம். ஒடம்புல நிகோட்டின் கொறையறப்ப வர்ற எரிச்சல அடுத்த பீடி அமுக்குது, அத நாம டென்ஷன் போச்சுன்னு நெனச்சுக்கறோம், அவ்வளவுதானுங்க.

போயலை சேக்காம வெறும் பாக்கு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. பாக்கே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே உறுதியா சொல்லிருச்சு. ராத்திரி ஷிப்ட் வேலையவும் 2007ல இருந்து கேன்சர் வர வாய்ப்பு இருக்கற லிஸ்ட்ல வெச்சிருக்காங்க, இத எந்த தறி ஓனரும் பேச மாட்டாரு, நீங்களாவது எழுதோணும்.

மனச பாத்துக்க வேண்டாம்னு நான் சொல்லலைங்க. மனசு ஒடஞ்சவனால போயலைய உட முடியாது, டாக்டர்கிட்ட போகவும் தோணாது, அதுக்காகவே பாக்கோணும். ஆனா கேன்சர் வந்தவங்கள பாத்து நீ சிரிச்சுட்டு இருந்திருந்தா வந்திருக்காதுன்னு சொல்றது வேற, அது ஆறுதலே கெடையாது. வாய்ல புண்ணு வாரக்கணக்கா ஆறாம இருக்கறவங்ககூட "மனக்கவலை, சூடு"ன்னு சொல்லியே நாள கடத்தறாங்க. ஆத்துக்கு அக்கட்டால ஈரோடு மாவட்டத்துல 2023 நவம்பர்லயே வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு அரசாங்கம் பரிசோதனை ஆரம்பிச்சுது. அத பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தா எத்தன பேரு போயிருப்பாங்க.

அடுத்த வாரம் அதே பக்கத்துல அதே அளவு எழுத்துல ஒரு விளக்கம் போடுங்க. கீழ மனநல உதவிக்கு 14416, போயலைய உட 1800112356, ரெண்டு நம்பரும் சேத்து போடுங்க, ரெண்டுமே காசில்லாத நம்பருதானுங்க.

இப்படிக்கு,
தறிப்பட்டறைல கணக்கு எழுதற ஒரு வாசகன்,
குமாரபாளையம்